61-ஆம் நம்பர் வீடு



மலர்க் குழுவிலிருந்து "நீயும் ஏதாவது எழுதிக் குடுடா" என்று கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. கதை எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். யோசித்துப் பார்த்ததில், இந்த மூன்று வருடத்தில் நான் சம்பாதித்த ஒரே பட்டத்தைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது. டிப்ளமோவைச் சொல்லவில்லை, அது இனிமேல்தான் வர வேண்டும்! மெக்கானிக்கல் பிளாக்கில் என்னை 'புழு' என்று கூப்பிடுகிறீர்களே, அந்தப் பட்டம்தான். அது எப்படி வந்தது என்று பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பாதி தெரிந்தவர்கள் என்னோடு சேர்த்து மூன்று பேர். அந்த மீதியைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் வீட்டைப் பற்றிக் கொஞ்சம்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா குழித்தறி நெய்கிறார். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: குழித்தறி என்றால் தரையில் இடுப்பளவு பள்ளம் எடுத்து, அதன் விளிம்பில் உட்கார்ந்து காலைப் பள்ளத்துக்குள் விட்டு மிதிகட்டையை மிதிக்க வேண்டும். மேலே பட்டும் ஜரிகையும் பளபளக்கும். கீழே இருட்டு, ஈரம். மழைக்காலத்தில் பள்ளத்தில் தண்ணீரே ஊறும். அப்பாவின் இடுப்புக்கு மேலே முதலாளி வீட்டுக் கல்யாணம், இடுப்புக்குக் கீழே கொசுக்களின் கல்யாணம் என்று ஆயா கிண்டல் செய்யும். வேறு வேலை செய்பவர்கள் காலில் ஏதாவது எண்ணெய் தடவிக்கொள்ளலாம். அப்பா எண்ணெயைக் கையால் தொடவே மாட்டார். ஒரு சொட்டுக் கறை சேலையில் பட்டால் அந்தச் சேலையின் கூலி போச்சு. புகை போட்டாலும் பட்டுக்கு ஆகாது.

2006-இல் அப்பாவுக்குச் சிக்குன்குனியா வந்தது. அப்போது நான் அம்மா வயிற்றில். அந்த வருடம் நாடு முழுக்க 13 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்தக் காய்ச்சல் என்று அரசாங்கக் கணக்கு சொல்கிறது. 13 லட்சத்தில் ஒருவர் எங்கள் அப்பா. காய்ச்சல் நான்கு நாளில் விட்டுவிட்டது. விரல் விடவில்லை. காலையில் எழுந்தால் கை மூடாதாம். நாடாவைப் பிடிக்க முடியவில்லை, அறுந்த இழையை முடிச்சுப் போட முடியவில்லை. பாதி நெய்த சேலை மூன்று மாதம் தறியிலேயே கிடந்தது. வாங்கிய முன்பணம் கடனாக மாறியது. நான் பிறந்தபோது என்னைத் தூக்கக்கூட அப்பாவால் முடியவில்லை என்று அம்மா சொல்லும். அப்பா மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார்.

'சிக்குன்குனியா' என்பதற்கு என்ன அர்த்தம் என்று பின்னால் நம் நூலகத்தில் தேடிப் பார்த்தேன். ஆப்பிரிக்காவில் இன்றைய தான்சானியாவின் தென்கோடியில் மக்கோண்டே என்று ஒரு பீடபூமி. 1952-53-இல் அங்கே புதிதாக ஒரு காய்ச்சல் பரவியபோது, அந்த மக்கள் தங்கள் மொழியிலேயே வைத்த பெயர் அது. மூட்டு மடங்கி உடம்பு வளைந்து போவதைக் குறிக்கும் சொல். டாக்டர்கள் வைக்காமல் நோயாளிகளே பெயர் வைத்த நோய்! 1964-இலேயே அது நம் சென்னைக்கு வந்திருக்கிறது. 1973-க்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் இந்தியாவில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. எல்லோரும் மறந்த பிறகு 2005 கடைசியில் திரும்ப வந்து, அடுத்த வருடம் பிள்ளையார்பாளையம் வரை வந்து எங்கள் தறியை நிறுத்தியது.

இவ்வளவு தெரிந்த வீட்டுப் பிள்ளைதான் நான். இனி முகாம் கதைக்கு வருகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, நினைவிருக்கும். அது அடித்து ஓய்ந்த பிறகு நம் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம், உத்திரமேரூர் பக்கம் ஒரு ஏரிக்கரை கிராமத்தில் நடந்தது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும். வழக்கம்போல மரம் நடுதல், பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தல் என்று நினைத்துக்கொண்டு போனோம். அங்கே எங்களுக்காக ஒரு பெரியவர் காத்திருந்தார். ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர். வெள்ளை அரைக்கை சட்டை, பழைய சைக்கிள், கழுத்தில் தொங்கும் டார்ச் லைட். எல்லோரும் அவரை 'ஐயா' என்றே கூப்பிட்டோம்.

"தம்பிகளா, மரம் நான் நட்டுக்கிறேன். நீங்க வீடு வீடா போயி தண்ணியப் பாருங்க" என்றார்.

டெங்கு கொசு சாக்கடையில் வளராது என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். எங்கள் ஊரில் கொசு என்றாலே கோயில் குளத்தைக் கை காட்டுவார்கள். மீன் இருக்கிற குளத்தில் ஏடிஸ் கொசுவுக்கு வேலையே இல்லை. அதற்கு வேண்டியது வீட்டுக்குள், வீட்டைச் சுற்றி, பாத்திரத்தில் நிற்கிற நல்ல தண்ணீர். முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் சாகாது. மறுபடி மழை பெய்து தண்ணீர் தொட்டதும் பொரியும். அதனால்தான் கொட்டிக் கவிழ்த்தால் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது. முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாள், பத்து நாள். வாரம் ஒருமுறை தொட்டியைக் காய வைக்கச் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

புழுவைப் பார்த்து இனம் சொல்லவும் கற்றுக்கொடுத்தார். தண்ணீர்ப் பரப்புக்குச் சமமாகப் படுத்திருந்தால் அது மலேரியா ஜாதி, அனாபிலிஸ். தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸோ க்யூலெக்ஸோ. அதில் வாலில் இருக்கிற சுவாசக் குழாய் குட்டையாக இருந்து, டார்ச் அடித்ததும் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடினால் ஏடிஸ். முதல் நாளே நான் சரியாகச் சொல்லிவிட்டேன். "பலே புழு!" என்று ஐயா முதுகில் தட்டினார். உங்கள் பட்டப்பெயர் பிறந்த இடம் அதுதான்.

கணக்கு சுலபம். நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு இருக்கிறது என்று பார்ப்பது. அதற்குப் பிரெட்டோ குறியீடு என்று பெயர். ஐம்பது வீட்டில் எட்டுப் பாத்திரம் என்றால் குறியீடு 16. உலகம் முழுக்க, பிரேசிலிலிருந்து சிங்கப்பூர் வரை, இதே வகுத்தல் பெருக்கல்தான். நமக்கு இது ஒரு மார்க் கேள்வி! ஆனால் அந்த எண்ணுக்குள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? துருப்பிடித்த டிரம், சிமெண்ட் தொட்டி, கொட்டாங்குச்சி, லாரி டயர், மிக்ஸி வந்த பிறகு கொல்லையில் போட்ட ஆட்டுக்கல். அந்த ஊரில் ஆட்டுக்கல்தான் முதலிடம். குழியில் மழைத் தண்ணீர் நிற்கும். அதைக் கவிழ்க்க ஒரு ஆளால் முடியாது. உடைக்க யாருக்கும் மனசு வராது, மாமியார் காலத்துக் கல் அல்லவா!

இரண்டாம் நாள் சாயங்காலம் ஐயா எங்களில் ஆறு பேரை மட்டும் கூட்டிக்கொண்டு கீழத்தெருக் கோடிக்குப் போனார். கடைசியில் வயலை ஒட்டி ஒரு வீடு. கதவில் நாங்கள் சாக்பீஸால் எழுத வேண்டிய வரிசைப்படி அது 61. கூரை போட்ட மாட்டுக்கொட்டகை, அதில் ஒரே ஒரு பசு. வீட்டுத் தாத்தா எங்களுக்குக் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார். ஆயா சொம்பு நிறைய மோர் கொடுத்தது. எட்டு வயதுப் பேத்தி ஒன்று கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தது.

இருட்டத் தொடங்கியதும் ஐயா பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். அதன் ஒரு முனையில் ரப்பர் டியூப், நடுவில் கொசு வாய்க்குள் போகாமல் சல்லடைத் துணி. டார்ச் வெளிச்சத்தில் மாட்டின் மேலும் கூரை ஓலையிலும் உட்கார்ந்திருக்கிற கொசுவின் பக்கத்தில் குழாயை வைத்து மெதுவாக வாயால் இழுத்தால் கொசு உள்ளே! எனக்கு வேர்த்துவிட்டது. ஐயா பேசிக்கொண்டே பத்து நிமிடத்தில் முப்பது நாற்பது பிடித்துவிட்டார்.

"எங்க கத்துக்கிட்டீங்க ஐயா?" என்று கேட்டேன். அன்று அவர் சொன்னதை அப்படியே எழுத எனக்குத் திறமை போதாது. முடிந்தவரை சொல்கிறேன்.

அவர் வேலைக்கு வந்த புதிதில், 1990-களில், மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்துக்காரர்கள் தென்னார்க்காட்டுக் கிராமங்களில் மூளைக்காய்ச்சலைப் பற்றி மூன்று வருடத் தொடர் ஆய்வு செய்திருக்கிறார்கள். (அந்த மையம் இன்று புதுச்சேரி கொசு ஆராய்ச்சி மையத்தின் கள நிலையமாக இருக்கிறது.) அந்தக் குழுவோடு கொஞ்ச நாள் ஊர் ஊராகச் சுற்றியவர் ஐயா. வேலை இதுதான்: பொழுது சாய்ந்ததும் மாட்டுக்கொட்டகை, டார்ச், கண்ணாடிக் குழாய். ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் எத்தனை கொசு என்பதுதான் அளவு. பிடித்ததை ஜாதி பிரித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டி, குளிரில் வைத்து மதுரைக்கு அனுப்புவார்கள்.

"அங்க என்ன செய்வாங்க?"

"அரைச்சு, அந்தச் சாறை இன்னொரு கொசுவுக்கு ஊசி போடுவாங்க தம்பி!"

நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. டாக்சோரிங்கைட்டிஸ் என்று ஒரு பெரிய கொசு ஜாதி உண்டாம். மனிதனைக் கடிக்காது, அதன் புழு மற்ற கொசுப் புழுக்களைத் தின்னும். அந்தக் கொசுவுக்கு ஊசி போட்டால், சாற்றில் வைரஸ் இருந்தால் அதன் உடம்பில் பெருகும். பிறகு ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்புப் பொருளை விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மினுங்கும். கொசுவுக்கு ஊசி போடுகிற கை எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும்! லேத்தில் நூறில் ஒரு மில்லிமீட்டருக்கு நாம் படும் பாடு எனக்கு ஞாபகம் வந்தது. ஐயா பிடித்த ஆயிரக்கணக்கான கொசுவில் மினுங்கியது மிகச் சிலதான். அந்தச் சிலதுக்காகத்தான் அத்தனை ராத்திரியும்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே நம் பக்கத்து ஊரான வேலூரில், 1955-இல். பூனாவில் 1952-இல் தொடங்கிய வைரஸ் ஆராய்ச்சி மையமும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து வடார்க்காட்டுக் கிராமங்களில் தேடியிருக்கிறார்கள். வயல் தண்ணீரில் வளரும் க்யூலெக்ஸ் கொசுதான் அதைச் சுமக்கிறது. நாற்று நட்டு வயலில் தண்ணீர் நிற்கும்போது கொசு பெருகும். கொக்கு, நாரையிலிருந்தும் பன்றியிலிருந்தும் வைரஸை எடுத்துக்கொள்ளும். மனிதனைக் கடிப்பது அதற்கு ஒரு தவறுதான். அதற்கு மாடுதான் பிடிக்கும். மாட்டின் உடம்பிலும் மனிதன் உடம்பிலும் அந்த வைரஸ் போதிய அளவு பெருகாது, அதோடு அதன் பயணம் முடிந்துவிடும். தொற்றியவர்களில் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் முற்றும். ஆனால் முற்றியவர்களில் பத்தில் மூன்று பேர் வரை இறந்துவிடலாம், பிழைத்த குழந்தைகள் பலருக்குக் கை கால் வராமலோ புத்தி மந்தித்தோ போய்விடும். இன்றைக்குத் தடுப்பூசி இருக்கிறது. 2006-லிருந்து நோய் உள்ள மாவட்டங்களில் குழந்தைகளுக்குப் போடுகிறார்கள். ஐயா கொசு பிடித்த காலத்தில் அந்தக் கிராமங்களில் அது இல்லை.

"அதுக்காக நெல்லு போடாம இருக்க முடியுமா?" என்று வீட்டுத் தாத்தா கேட்டார். ஐயா உற்சாகமாகிவிட்டார். மதுரைக்காரர்கள் அதையும் பரிசோதித்திருக்கிறார்கள். வேப்பம் பிண்ணாக்கு கலந்த யூரியா போட்டுப் பார்த்தார்கள். தண்ணீரை எப்போதும் தேக்காமல் விட்டு விட்டுப் பாய்ச்சிப் பார்த்தார்கள். வயல் காய்ந்தால் புழு செத்துப்போகும், நெல் சாகாது.

"அது என்னய்யா புதுசு? காய்ச்சலும் பாய்ச்சலும்தானே!" என்றார் தாத்தா.

"அதேதான்! காய்ச்சல் போக காய்ச்சலும் பாய்ச்சலும்!" என்றார் ஐயா. இரண்டு கிழவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தாத்தா என்னைப் பார்த்து, "எங்க பேரன் பத்தாவது படிக்கிறான், பாலிடெக்னிக்தான் சேரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். சேக்கலாமா தம்பி?" என்று கேட்டார். "தாராளமா சேருங்க தாத்தா" என்றேன்.

இப்போது நான்காம் நாள்.

நானும் என் ஜோடியும் (அவன் பெயர் வேண்டாம், முடிவு என்னுடையது) கீழத்தெருவில் 60 வீடு முடித்தபோது மணி ஒன்றரை. வெயில். பள்ளிக்கூடத்தில் அன்று சிக்கன் குழம்பு என்று காலையிலேயே செய்தி வந்திருந்தது. மீதி ஆறு வீடு. கோடியில், தள்ளித் தள்ளி. "61-தான் அன்னிக்கே பாத்துட்டோமே, சுத்தமான வீடு" என்றேன். கொட்டகையைத்தான் பார்த்தோம், அதுவும் இருட்டில். கொல்லையைப் பார்க்கவில்லை. ஆனாலும் சொன்னேன். ஆறு வரிசையிலும் 'பாத்திரங்கள் 4, புழு 0', 'பாத்திரங்கள் 3, புழு 0' என்று எழுதினேன். எல்லாவற்றிலும் ஒரே எண் போட்டால் சந்தேகம் வரும் என்று மாற்றி மாற்றி எழுதினேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது. ரெக்கார்டு நோட்டில் ரீடிங் போடுகிற நம் பழக்கம்! பென்டுலம் ஆடாமலே 'g' மதிப்பு 9.8 வரவைத்த கை அல்லவா!

அன்று சாயங்காலம் கணக்குப் போட்டோம். மேட்டுத்தெரு 50 வீடு, 8 பாத்திரம்: 16. எங்கள் கீழத்தெரு 66 வீடு, 9 பாத்திரம்: 13.6. மருந்து அடிக்கும் ஆட்கள் ஒரு நாளில் ஒரு தெருதான் செய்ய முடியும். புயலுக்குப் பிறகு எல்லா ஊருக்கும் அவர்களே போக வேண்டும். எண் அதிகமான மேட்டுத்தெருவுக்கு மறுநாளே வந்தார்கள். கீழத்தெரு அடுத்த முறைக்குத் தள்ளிப்போனது.

ஆறாம் நாள் காலை ஐயா, "வா தம்பி, மறுசோதனை போட்டுட்டு வரலாம்" என்று என்னைத்தான் கூப்பிட்டார். பத்து வீட்டுக்கு ஒரு வீடு அவர் திரும்பப் பார்ப்பாராம். அது எனக்குத் தெரியாது. 10, 20, 30 என்று பார்த்துக்கொண்டே போய், 60-க்குப் பிறகு நிற்பார் என்று நினைத்தேன். "இவ்ளோ தூரம் வந்துட்டோம், மோர் குடிச்சிட்டுப் போலாம்" என்று 61-க்கு நடந்தார்.

ஆயா வாசலில் உட்கார்ந்திருந்தது. "பொண்ணுக்கு நேத்திலேர்ந்து ஜுரங்க" என்றது. ஐயா பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பசங்க அன்னிக்கு கொல்லைப்பக்கம் பாத்தாங்களாம்மா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"பகல்ல யாரும் வரலியே சாமி."

ஐயா என்னைப் பார்க்கவில்லை. நேராகக் கொல்லைக்குப் போனார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சிமெண்ட் தொட்டி. டார்ச் அடித்ததும் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடின. எனக்கு இனம் சொல்லத் தெரியும். யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் ஆட்டுக்கல், அதிலும் இருந்தது. மீதி ஐந்து வீட்டுக்கும் நாங்கள் இருவருமே போனோம். ஆறு வீட்டில் நான்கு பாத்திரம். அவர் படிவத்தில் என் எழுத்தை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டார். 13 பாத்திரம், 66 வீடு: 19.7. முதலில் வந்திருக்க வேண்டியது எங்கள் தெரு.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சிக்கன் கொழம்பா தம்பி?" நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு முகாம் முடியும் வரை என்னைப் 'புழு' என்று அவர் கூப்பிடவில்லை.

ஐயா எவ்வளவோ போன் செய்தும் ஆட்கள் கீழத்தெருவுக்கு ஐந்து நாள் கழித்துத்தான் வர முடிந்தது. அந்தப் பெண்ணுக்கு டெங்கு என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. ஒரு வாரத்தில் தேறிவிட்டாள். ஆனால் முகாம் முடிந்து இரண்டரை வாரம் கழித்து ஐயா எங்கள் திட்ட அலுவலர் சாரிடம் பேசியபோது, அந்த வீட்டுத் தாத்தாவுக்கும் அதே காய்ச்சல், பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

நான் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கொசு கடித்து மனிதனுக்குக் காய்ச்சல் வர 4-லிருந்து 10 நாள். அந்தப் பெண்ணுக்கு ஜுரம் ஆரம்பித்தது முகாமின் ஐந்தாம் நாள். அப்படியென்றால் அவளைக் கடித்த கொசு, நான் பொய் எழுதிய நாளுக்கு முன்பே கடித்துவிட்டது. அந்தப் பெண்ணின் காய்ச்சல் என் கணக்கில் இல்லை. மனசு கொஞ்சம் லேசானது. பிறகு தாத்தாவின் கணக்கைப் போட்டேன். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைக் கொசு கடிக்கிறது. அதன் உடம்பில் வைரஸ் முதிர 8-லிருந்து 12 நாள். பிறகு தாத்தாவைக் கடிக்கிறது. அவருக்குக் காய்ச்சல் வர 4-லிருந்து 10 நாள். கூட்டினால் 12-லிருந்து 22. தாத்தாவுக்குக் காய்ச்சல் வந்தது பெண்ணுக்கு வந்த பதினெட்டாம் நாள். நடுவில் சரியாகப் பொருந்துகிறது. மருந்து ஐந்தாம் நாளே கீழத்தெருவுக்கு வந்திருந்தால் அந்தக் கொசு செத்திருக்கலாம். சாகாமலும் இருந்திருக்கலாம். எத்தனை தடவை போட்டாலும் அதற்கு மேல் கணக்கு போகவில்லை.

தாத்தா ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார். கூடவே ஆயாவும் இருந்ததால் மாட்டைப் பார்க்க ஆளில்லை. விற்றுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1900-இல் கியூபாவில் மஞ்சள் காய்ச்சல் கொசுவால்தான் பரவுகிறது என்று நிரூபிக்கப் போன குழுவில் ஜெஸ்ஸி லேசியர் என்ற டாக்டர் அந்தக் காய்ச்சலிலேயே செத்துப்போனார். அதுவும் நம் தொட்டியில் இருக்கும் அதே ஏடிஸ் கொசுதான். 1947-இல் உகாண்டாவில் மஞ்சள் காய்ச்சலைத் தேடி, ஜிக்கா என்ற காட்டில் கூண்டில் குரங்கை வைத்துக் காத்திருந்தவர்களுக்குத்தான் ஜிக்கா வைரஸ் முதலில் கிடைத்தது. அது ஊரெல்லாம் தெரிய அறுபது எழுபது வருடம் ஆனது. அந்தக் குரங்கின் உடல்சூட்டை ஏதோ ஒரு நாள் யாரோ ஒருவர் பார்க்காமலே எழுதியிருந்தால்? இப்படி நினைத்து நினைத்துத் தூங்காமல் கிடந்த நாட்களும் உண்டு.

எங்கள் வீட்டிலும் தேடினேன். தறிப் பள்ளத்தில் டார்ச் அடித்தேன். தொட்டி, சாயம் நனைக்கிற அண்டா, மாடியில் கிடந்த உடைந்த குடம், ஒன்றிலும் இல்லை. கடைசியில் பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டுகிற தட்டை இழுத்தேன். இருந்தது! அப்பா வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. தட்டை வாங்கி வாசல் மண்ணில் கொட்டி, செங்கல் பொடி போட்டு அவரே தேய்த்தார். விரல் இன்னும் முழுசாக மடங்குவதில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். பதினெட்டு வருடமாக அந்தக் கையோடுதான் நெய்கிறார்.

போன வருடம் ஜூலையில் முதலாமாண்டு மாணவர்கள் வந்தபோது, கேன்டீன் வாசலில் ஒரு பையன் என்னை வழிமறித்தான். "அண்ணா, நீங்கதானே எங்க ஊருக்குக் கொசு புடிக்க வந்தீங்க? தாத்தா உங்களை ரொம்ப விசாரிச்சாரு. சேர்ந்தவுடனே பாத்துச் சொல்லச் சொன்னாரு" என்றான். டீ வாங்கிக் கொடுத்தேன். தாத்தா நன்றாக இருக்கிறாராம். கொட்டகையில் இப்போது விறகு அடுக்கியிருக்கிறார்களாம். தங்கச்சி நான்காவது படிக்கிறாளாம். எல்லாம் கேட்டேன். என் பக்கத்துச் சேதியை மட்டும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு பல தடவை பார்த்தபோதும் சொல்லவில்லை.

இந்த மலர் முதலாமாண்டு வகுப்புகளுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். அவன் படிப்பான். தம்பி, படித்து முடித்ததும் கேன்டீன் பக்கம் வா. நான் அங்கேதான் இருப்பேன். சனிக்கிழமை உங்கள் ஊர் பஸ்ஸில் நானும் வருகிறேன், தாத்தாவிடம் நேரில் சொல்ல வேண்டும்.

— 'புழு', மூன்றாமாண்டு, இயந்திரவியல்